மூக்குக்கு மேல் கோபம்... வயிற்றுக்குள் காரணம்!

போன வருஷம் ஐப்பசி மாசத்தில் ஒரு ராத்திரி எங்கள் வீட்டில் கரண்டி பறந்தது.

பறக்க விட்டவள் நான்தான். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, "ரசத்துல இன்னைக்கு உப்பு ஒரு கல்லு கூடிடுச்சோ?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதட்டிக்கூடக் கேட்கவில்லை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் எத்தனையோ தடவை கேட்ட கேள்விதான். அன்றைக்கு மட்டும் எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. கையில் இருந்த கரண்டியைச் சுவரைப் பார்த்து வீசினேன். வீசிவிட்டு, கொல்லைப்பக்கம் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வயிறு மட்டும் கும்மென்று ஊதிப் புடவைக் கட்டு இறுக்கிக்கொண்டிருந்தது.

எங்கள் சின்னப் பெண்ணுக்கு 14 வயசு. மெதுவாகப் பின்னாலேயே வந்து நின்றாள். "அம்மா, உனக்கு வயிறு சரியில்லாத அன்னைக்கெல்லாம்தான் இப்படிக் கோவம் வருது. கவனிச்சியா?" என்றாள்.

நான் கவனிக்கவில்லை. அவள் கவனித்திருக்கிறாள்!

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மறுநாளிலிருந்து, அடுப்படியில் தொங்கும் தினசரிக் காலண்டரில் கிழிக்கிற தாளை எறியாமல், அதன் பின்பக்கம் மூன்று விஷயம் குறிக்க ஆரம்பித்தேன். காலையில் வயிறு சுத்தமாகப் போச்சா? ராத்திரி தூங்கினேனா? யார் மேலாவது எரிந்து விழுந்தேனா? இவ்வளவுதான். 40 தாள் சேர்ந்ததும் ஒரு மத்தியானம் எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி வைத்துப் பார்த்தேன். இரண்டு நாள், மூன்று நாள் வயிறு கட்டிக்கொண்ட தாள்களுக்குப் பக்கத்திலேயே 'தூக்கம் இல்லை' என்று இருந்தது. அதற்கடுத்த தாளில் 'சத்தம் போட்டேன்'. எல்லா இடத்திலும் அப்படி என்று சொல்லமாட்டேன். ஆனால் ஏதோ தற்செயல் என்று தள்ளிவிடவும் முடியவில்லை.

மூன்று சீட்டு, ஒரே வயிறு

அதற்கு முந்தின ஆறு மாசமாகவே நான் டாக்டர்களிடம் நடந்துகொண்டுதான் இருந்தேன். வயிறு ஊதுகிறது என்றதற்கு ஒருவர் காஸ் மாத்திரை எழுதினார். நெஞ்சு படபடக்கிறது, விடியற்காலை 3 மணிக்கு ஜாக்கெட் நனைகிற மாதிரி வேர்த்துக் கொட்டுகிறது என்றதற்கு இன்னொருவர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, "ஒண்ணுமில்லை, போங்க" என்றார். காரணமில்லாமல் அழுகை வருகிறது என்பதை மட்டும் நான் எங்கேயும் சொல்லவில்லை. அழுகைக்கு எந்த டாக்டர்?

கடைசியில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். காலண்டர் தாள்களை ரப்பர் பாண்டு போட்டுக் கையோடு கொண்டுபோனேன். சிரிப்பார்களோ என்று பயம். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மாசாமாசம் வர்றது எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"ஒரு தடவை இருபது நாள்லயே வந்துடுச்சு. அப்புறம் ரெண்டு மாசம் வரவே இல்லைங்க டாக்டர்."

"வயசு?"

"நாப்பத்தாறு."

"இது மூணு தனித்தனி வியாதி இல்லைம்மா. ஒரே கயித்துல மூணு முடிச்சு" என்றார். அதற்கப்புறம் அவர் சொன்னதையும், பி.ஃபார்ம் படிக்கிற என் பெரிய பெண் புத்தகங்களைப் புரட்டி எனக்குப் புரிகிற மாதிரி விளக்கியதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

யோசித்துப் பார்த்தால் இது நமக்கெல்லாம் பழைய சமாசாரம்தான். தூரமாகும் அன்றைக்கு நம்மில் பல பேருக்கு வயிறு இளகிப் போகும். காலையில் இரண்டு மூன்று தரம் ஓட வேண்டியிருக்கும். கர்ப்பப்பையைச் சுருங்கவைத்து உதிரத்தை வெளியே தள்ளுவதற்காகப் புராஸ்டாகிளாண்டின் என்று ஒரு பொருள் உடம்பில் சுரக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரான குடலையும் அது சும்மா விடுவதில்லை. பிள்ளையுண்டான நாளிலோ நேர் எதிர். அப்போது புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏராளமாகச் சுரந்து, கர்ப்பப்பை சுருங்காமல் இருக்க அதன் தசையைத் தளர்த்தி வைக்கிறது. குடலின் தசையும் கூடவே தளர்ந்துபோவதால் மலம் கட்டிக்கொள்கிறது. இதைப் படிக்கிற இளம் தாய்மார்களுக்கு இது நன்றாக ஞாபகம் இருக்கும்!

ஆக, வயிற்றுக்கும் ஹார்மோனுக்கும் உள்ள உறவு நாம் பெரியவளான நாள் முதலாக நடப்பது. மாதவிலக்கு நிற்கப்போகிற காலத்தில் அந்த உறவு கொஞ்சம் தகராறு பண்ணுகிறது.

மெனோபாஸ் என்றால் குழாயைத் திருகி மூடின மாதிரி ஒரே நாளில் நின்றுவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒரு வருஷம் முழுக்க வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு அது சராசரியாக 46, 47 வயசில் நடக்கிறது. மேல்நாட்டில் 51 வாக்கில். ஆனால் அதற்கு நாலைந்து வருஷம் முன்னாலேயே ஆட்டம் ஆரம்பித்துவிடும். எங்கள் ஊரில் கோடைகாலத்தில் கரண்ட் வருகிற அழகை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சமயம் விளக்கு பளீரென்று எரியும், மறுநிமிஷம் மினுக்மினுக்கென்று இறங்கும். ஈஸ்ட்ரோஜன் இப்படித்தான் ஏறி இறங்குகிறது. குடலின் தசையிலும் நரம்பிலும் இந்த ஹார்மோன்கள் வந்து உட்கார்ந்து உத்தரவு போடுவதற்கென்றே இடங்கள் இருக்கின்றன. உத்தரவு மாறிமாறி வந்தால் வேலைக்காரன் என்ன செய்வான்? சிலருக்கு வயிறு கட்டுகிறது, சிலருக்கு இளகுகிறது, பெரும்பாலும் ஊதிக்கொள்கிறது.

வயிற்றில் ஜன்னல் வைத்த மனுஷன்

மனசுக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு நிஜக் கதை இருக்கிறது. 1822-ஆம் வருஷம் வட அமெரிக்காவில் மாக்கினா என்ற தீவில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற வாலிபன் மேல் தவறுதலாகத் துப்பாக்கி வெடித்துவிட்டது. பட்டாளத்து டாக்டர் வில்லியம் போமான்ட் வைத்தியம் பார்த்தார். ஆள் பிழைத்தான். ஆனால் புண் ஆறும்போது இரைப்பையிலிருந்து வெளியே ஒரு ஓட்டை அப்படியே நின்றுவிட்டது. டாக்டர் அதையே ஜன்னலாக வைத்துக்கொண்டு, உணவுத் துண்டுகளை நூலில் கட்டி உள்ளே விட்டு, எது எத்தனை நேரத்தில் கரைகிறது என்று வருஷக்கணக்கில் பார்த்தார். 1833-இல் புத்தகமாகவும் போட்டார். அந்த மனுஷன் பாவம், என்ன பாடு பட்டிருப்பான்! (கோபம் வராமல் இருக்குமா?) கோபம் வந்தது. அவன் கோபப்பட்ட சமயத்திலெல்லாம் இரைப்பையின் நிறமே மாறிப் போய், செரிமானம் மெதுவாகிறது என்று போமான்ட் எழுதி வைத்தார். மனசு கொதித்தால் வயிறு வேலை நிறுத்தம் செய்கிறது என்று 200 வருஷத்துக்கு முன்னாலேயே கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

இது மேலிருந்து கீழே போகும் பாதை. கீழிருந்து மேலேயும் ஒரு பாதை உண்டு.

மனசு சமநிலையில் இருப்பதற்கு உதவும் பொருள்களில் ஒன்று செரடோனின். மூளைக்கே உரிய சரக்கு என்று நாம் நினைப்போம். ஆனால் உடம்பில் இருக்கும் செரடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உற்பத்தியாகிறது! இதைக் குடலின் உட்சுவரில் முதலில் கண்டவர் இத்தாலியரான எர்ஸ்பாமர், 1930-களில். அப்போது அதற்கு வேறு பெயர். 1948-இல் அமெரிக்காவில் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தவர்கள் செரடோனின் என்று பெயர் வைத்தார்கள். இது மூளையிலும் இருக்கிறது என்று 1953-இல் காட்டியவர்களில் முக்கியமானவர் பெட்டி டுவாரோக் என்ற பெண்மணி. கடல் சிப்பியின் தசையை ஆராய்ந்துகொண்டிருந்தவர். பெண் ஒருத்தி கண்டுபிடித்த விஷயம் பெண்களுக்கே இவ்வளவு உதவுகிறதே என்று எனக்கு ஒரு சந்தோஷம்.

ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குடலில் உண்டாகும் செரடோனின் நேராக மூளைக்கு ஏறிப்போய் நம்மைச் சிரிக்க வைப்பதில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கும் கதவு அதை உள்ளே விடாது. அது குடலை அசைத்து உணவைத் தள்ளுகிறது. அங்கே ஓடும் வேகஸ் என்ற நீண்ட நரம்புக்குச் சேதி சொல்கிறது. அந்த நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை வயிற்றிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோகிறவைதான். மூளையிலிருந்து கீழே உத்தரவு கொண்டுவருபவை குறைவு. நம் வீட்டில் மாமியார் உத்தரவு போடுவதைவிட மருமகள் முணுமுணுப்பது அதிகம் என்கிற மாதிரி!

இதில் ஈஸ்ட்ரோஜன் எங்கே வந்தது? மூளையில் செரடோனின் உண்டாவதற்கு ஈஸ்ட்ரோஜன் கைகொடுக்கிறது. அது ஏறி இறங்கும்போது மனசும் ஏறி இறங்குகிறது. லண்டன் யுனிவர்சிடி காலேஜைச் சேர்ந்தவர்கள் ஏழு ஆராய்ச்சிகளில் இருந்த 9,141 பெண்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்து, 2024-இல் வெளியிட்டார்கள். மாதவிலக்கு ஒழுங்காக வரும் பெண்களைவிட, நிற்கப்போகும் காலத்துப் பெண்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் அதிகம் என்று அதில் கண்டிருக்கிறது. 'திமிர்', 'கொழுப்பு', 'வேளாவேளைக்குச் சோறு கிடைக்குது, வேற என்ன குறை' என்று பேசுகிறவர்களுக்கு இதைப் படித்துக் காட்டலாம்.

குடலுக்குள் ஒரு பாட்டி

இன்னொரு விஷயம்தான் எனக்கு ரொம்ப ஆச்சரியமாக இருந்தது. வேலை முடிந்த ஈஸ்ட்ரோஜனைக் கல்லீரல் ஒரு முத்திரை குத்தி, பித்தநீரோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்பிவிடுகிறது. மலத்தோடு வெளியே போக வேண்டிய சரக்கு. ஆனால் நம் குடலில் கோடிகோடியாக வாழும் நுண்ணுயிர்களில் சிலவற்றுக்கு அந்த முத்திரையைக் கிழிக்கத் தெரியும். கிழித்துவிட்டால் ஈஸ்ட்ரோஜனில் ஒரு பகுதி மறுபடி ரத்தத்துக்குத் திரும்பிவிடுகிறது. குப்பைக்குப் போகிற கூடையை வாசலில் மறித்து, "இது இன்னும் உதவும்டி" என்று பாதியை வீட்டுக்குள் எடுத்துவரும் பாட்டியைப் போல! இந்த நுண்ணுயிர்க் கூட்டத்துக்கு 2011-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் இருவர் எஸ்ட்ரோபோலோம் என்று பெயர் சூட்டினார்கள்.

மாதவிலக்கு நின்றபின் அந்தக் கூட்டமே மாறுகிறது. அமெரிக்காவில் வாழும் ஸ்பானிய வம்சாவளியினர் 2,300 பேரைப் பரிசோதித்து 2022-இல் வெளியான ஆராய்ச்சியில், மாதவிலக்கு நின்ற பெண்களின் குடல் நுண்ணுயிர்கள் ஆண்களுடையதைப் போல மாறியிருப்பதாகப் பார்த்திருக்கிறார்கள். முத்திரை கிழிக்கும் திறனும் குறைந்திருந்ததாம். ஹார்மோன் குறைவதால் குடல் மாறலாம், குடல் மாறுவதால் ஹார்மோன் மேலும் குறையலாம்.

உடனே 'ஹார்மோனைக் கூட்டும் பவுடர்' என்று யாராவது டப்பாவை நீட்டினால் வாங்கிவிடாதீர்கள். மூடிப்போன கடையைப் பவுடர் திறந்துவிடாது. சோயா விஷயத்திலும் அப்படித்தான். சோயாவில் உள்ள ஒரு பொருளை ஈக்வால் என்ற ஈஸ்ட்ரோஜன் சாயல் கொண்ட பொருளாகச் சில குடல் நுண்ணுயிர்கள் மாற்றுகின்றன. அந்த நுண்ணுயிர் எல்லார் வயிற்றிலும் இருப்பதில்லை. எதிர் வீட்டு அக்காவுக்குச் சோயா கேட்டது, எனக்குக் கேட்கவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

என் பெரியம்மா ஞாபகம் அப்போதுதான் வந்தது. எங்கள் பக்கத்தில் பெரிய குடும்பம். தினமும் பன்னிரண்டு பேருக்குச் சமையல். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பெரியம்மாவுக்கு 48 வயசு இருக்கும். திடீரென்று பாத்திரத்தைப் போட்டு உடைப்பார். பட்டாசாலையில் தனியாக உட்கார்ந்து முணுமுணுப்பார். வயிறு எரிகிறது, வயிறு எரிகிறது என்பார். "யாரைப் பார்த்து வயிறு எரியுது?" என்று வீட்டு ஆம்பிளைகள் கேலி பண்ணுவார்கள். நாங்கள் பிள்ளைகளும் சேர்ந்து சிரிப்போம். மந்திரித்துத் தாயத்துகூடக் கட்டினார்கள். அவர் சாப்பாட்டில் என்ன சாப்பிட்டார் என்று யாருமே பார்க்கவில்லை. எல்லாரும் சாப்பிட்டு முடிக்க மத்தியானம் 3 மணி ஆகும். குழம்பில் காய் தீர்ந்திருக்கும். சட்டியின் அடியில் இருக்கும் ரசமும் ஊறுகாயும்தான். நடுநடுவே வெறும் வயிற்றில் காபி.

இப்போது அவருக்கு 83 வயசு. பொங்கலுக்குப் போயிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, "பெரியம்மா, அப்ப உங்களுக்கு என்ன பண்ணுச்சு?" என்று கேட்டேன். வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார். "ஏன்டி, வயித்த வலிக்குதுன்னுதானே சொன்னேன்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

காலை ஐந்திலிருந்து எட்டுவரை

டாக்டரம்மா மருந்துக்கு முன்னால் என்னிடம் கேட்ட கேள்வி இது: "காலையில வெளிக்கிப் போகணும்னு தோணறப்ப போறீங்களா?"

நான் யோசித்தேன். இல்லை! காலையில் காபி குடித்ததும் குடல் தானாகவே அசைந்து கொடுக்கிறது. இரைப்பையில் ஏதாவது விழுந்தால் பெருங்குடல் விழித்துக்கொள்ளும், அதுவும் காலையில்தான் அதிகம். சரியாக அந்த நேரத்தில்தான் நமக்கு அடுப்பில் குக்கர் இருக்கும், கையில் டிபன் டப்பா இருக்கும். பாத்ரூமில் அவர் இருப்பார். அவர் வந்தால் பிள்ளைகள். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று அடக்கிவிடுகிறோம். எல்லாரும் கிளம்பியபின் 9 மணிக்குப் போனால் வயிறு, 'நீ கூப்பிட்டபோது வர நான் என்ன உன் வேலைக்காரியா?' என்கிறது. அடக்கிய மலத்தில் இருக்கும் தண்ணீரைப் பெருங்குடல் உறிஞ்சி இன்னும் இறுக்கிவிடும். இருபது வருஷம் இப்படிப் பழக்கிவிட்டு, 46 வயசில் ஹார்மோனும் காலை வாரிவிட்டால் குடல் என்ன செய்யும்?

எங்கள் வீட்டில் இப்போது காலை ஆறரை மணிக்குப் பத்து நிமிஷம் எனக்கு. குக்கர் விசில் வந்தால் அவர் அணைக்க வேண்டும். முதல் நாள் அணைக்கத் தெரியாமல் என்னைக் கூப்பிட்டார். நான் போகவில்லை. மறுநாள் தெரிந்துகொண்டார்.

அடுத்தது தட்டு. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கீரையும் காய்களுமாக 400 கிராம் வேண்டும் என்று இருக்கிறது. வீட்டுத் தராசில் வைத்துப் பாருங்கள். நாலு பேர் இருக்கும் வீட்டில் கால் கிலோ பீன்ஸில் பொரியல் பண்ணி, அதில் கடைசியாக உட்காருகிற நமக்கு எத்தனை கிராம் வரும்? குடல் நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு என்பதே நமக்குச் செரிக்காத நார்ச்சத்துதான். அவற்றைப் பட்டினி போட்டுவிட்டு அவை நமக்கு உழைக்கவில்லை என்று சொல்லலாமா? இப்போதெல்லாம் சமைத்ததும் என் பங்குக் காயை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிடுகிறேன். முதலில் வெட்கமாகத்தான் இருந்தது.

வாழைத்தண்டு, வாழைப்பூ, அவரை, கொத்தவரை, கீரைத்தண்டு, சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல். இதெல்லாம் நம் பாட்டி சமையல்தான், வாங்கப் போக வேண்டியது மார்க்கெட்டுக்கு மட்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை. படித்த ஜோரில் நாளைக்கே முக்கால் கிலோ கொத்தவரையைச் சாப்பிட்டால் வயிறு மத்தளமாகிவிடும். பழக்கமில்லாத குடல் வாயுவைக் கிளப்பும். வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கூடவே தண்ணீரும் கூட்ட வேண்டும். பயறைக் களைந்து ஊறவைத்து, ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் தொந்தரவு குறைகிறது.

புளித்த உணவைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இருந்தாலும் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 36 பேரை இரண்டு பிரிவாக்கி, பத்து வாரம் ஒரு பிரிவுக்குத் தயிர் போன்ற புளித்த உணவுகளையும் மற்ற பிரிவுக்கு நார்ச்சத்தையும் அதிகமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2021-இல் முடிவு வந்தது. புளித்த உணவு சாப்பிட்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகி, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் பொருள்கள் குறைந்தன. நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலும் குடல் நோய்க்காரர்களுக்குப் பழைய சோறு எப்படி உதவும் என்று ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள்.

இதில் நாம் செய்கிற ஒரு தப்பு: இட்லி மாவு புளிப்பதால் இட்லியிலும் உயிருள்ள நுண்ணுயிர் இருக்கும் என்று எண்ணுவது. ஆவியில் வெந்ததும் அவை செத்துப்போகும். இட்லி லேசாகச் செரிக்கும், சத்தும் உண்டு, அது வேறு. மோர்க்குழம்பைக் கொதிக்கவைத்தாலும் அதே கதை. உயிரோடு வயிற்றுக்குள் போவது பச்சை மோரும், பழையதும்தான். நான் மத்தியானம் 11 மணிக்கு, காபிக்குப் பதிலாகப் பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்ட மோர் ஒரு டம்ளர் குடிக்கிறேன். பாலில் போட்ட காபியே நாளைக்கு நாலு டம்ளர் என்றால் அதுவே வயிற்றை ஊதவைக்கலாம். வயசாக ஆகப் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் சக்தி நம்மில் பல பேருக்குக் குறைந்துவிடுகிறது. தயிரும் மோரும் அவ்வளவு தொந்தரவு தருவதில்லை. சாயங்காலக் காபியை விட்டதில் எனக்கு வேர்வையும் குறைந்தது, 3 மணி விழிப்பும் குறைந்தது. தூக்கம் வந்தாலே கோபம் பாதி இறங்கிவிடுகிறது.

எல்லாவற்றையும் வயசின் தலையில் கட்டாதீர்கள்

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு, 'ஓ, எல்லாம் மெனோபாஸ்' என்று இருந்துவிடக் கூடாது. இது முக்கியம், தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள்.

50 வயசை ஒட்டி, புதிதாக வயிறு உப்பிக்கொண்டே இருப்பது, நாலு கவளம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துபோவது, அடிவயிற்றில் வலி, அடிக்கடி சிறுநீர் போவது, இவற்றில் ஏதாவது ஒன்று மாசத்தில் 12 தடவைக்கு மேல் வந்தால், காஸ் என்று பெருங்காயத்தை அரைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். சினைப்பைப் புற்றுநோய் இப்படித்தான் சத்தமில்லாமல் வரும். டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்து பார்த்துவிடுங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, நின்று ஒரு வருஷம் ஆனபின் மறுபடி உதிரம் காண்பது, இவற்றுக்கும் அந்த வாரமே டாக்டரைப் பார்க்க வேண்டும். தைராய்டு குறைந்தாலும் மலம் கட்டும், அசதியாக இருக்கும், மனசு சோர்ந்துபோகும். அச்சாக மெனோபாஸ் மாதிரியே இருக்கும். அதனால் அந்த ரத்தப் பரிசோதனையையும் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள்.

மனசு விஷயமும் அப்படியே. மோரும் கீரையும் நல்லதுதான், ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், இருந்து என்ன பிரயோசனம் என்று தோன்றுகிறவளுக்குக் கீரை போதாது. அதற்கு மருந்து இருக்கிறது, பேசிக் குணப்படுத்தும் முறை இருக்கிறது, சிலருக்கு ஹார்மோன் சிகிச்சையும் பொருந்தும். 2002-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்தியதிலிருந்து ஹார்மோன் என்றாலே உலகமே பயந்து கிடந்தது. வயசு, உடல்நிலை, குடும்பத்தில் மார்புப் புற்றுநோய் உண்டா என்பதையெல்லாம் பார்த்து டாக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும். வெளியே போக முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்த மனநல உதவி எண் இது. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. எங்கள் தெருவில் ஒருத்தி மொட்டை மாடியில் துணி காயப்போடும் சாக்கில் போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

கடைசியாக மாத்திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்குத் தைராய்டு சரியாகத்தான் இருந்தது. ஆனால் ரத்தம் 9 புள்ளிதான். மாசத்தில் இரண்டு தடவை போனால் எங்கே தங்கும்? இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். அது வயிற்றை இன்னும் கட்டியது. மலம் கறுப்பாக வேறு போனது, பயந்துவிட்டேன். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் கறுப்பாகத்தான் போகும் என்று முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம். நிறுத்திவிடலாமா என்று இருந்தேன். டாக்டரம்மாவிடம் தாள்களைக் காட்டியதும், தினமும் வேண்டாம், ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுங்கள், உடம்பில் ஒட்டுவதும் அப்போது நன்றாக ஒட்டும் என்றார். காபி, டீயோடு மட்டும் சேர்க்கக் கூடாது. எலுமிச்சம்பழச் சாறோடு சாப்பிட்டால் நல்லது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்கக் கூடாது, அதுவும் சிலருக்கு மலத்தைக் கட்டும். எங்கள் வீட்டில் இரும்பு மாத்திரை காலை 11 மணிக்கு, சுண்ணாம்பு மாத்திரை ராத்திரிச் சாப்பாட்டோடு. ஒற்றைப்படைத் தேதியில் இரும்பு என்று வைத்துக்கொண்டேன். மறக்காமல் இருக்கக் காலண்டர் தாளிலேயே சின்னவள் முன்கூட்டியே பேனாவால் ஒரு வட்டம் போட்டு வைத்துவிடுகிறாள்.